தீராத வலியும் ஊசி மருத்துவமும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருவிழா நாள்களில் மண்டபத் தூணில் சாய்ந்தவாறு அமர்ந்திருக்கும் முதியவர்களைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் வலம் வருவதில்லை, விழுந்து வணங்குவதில்லை. அது பக்திக் குறைவன்று. இடுப்பும் முழங்காலும் இடங்கொடுப்பதில்லை. அவர்களுள் ஒரு தாயார் இளமை முழுவதும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியலிருளில் குனிந்தும், பால் வாளி சுமந்தும் கழிந்த ஆண்டுகள் இடுப்பில் வலியாகத் தங்கிவிட்டன. தைலம் தேய்த்தார், பலனில்லை. மாத்திரை உண்டார், வயிறு புண்ணாயிற்று. "எல்லாம் என் வினை" என்று வாய் மூடிக்கொண்டார். வலியால் உறக்கம் போயிற்று, உறக்கமின்மையால் சினம், சினத்தால் மருமகளோடு பிணக்கு.

மருத்துவர் அக்குபங்சர் எனப்படும் ஊசி மருத்துவத்திற்குச் சீட்டு எழுதித் தருவதாகச் சொன்னபோது அத்தாயார் தயங்கினார். "அது சீனர் வைத்தியமாயிற்றே, சாமி கும்பிடுகிறவர்கள் போகலாமா?" என்று கேட்டார்.

இறைவனுக்கே வைத்தியநாதன் என்று பெயர் சூட்டி வழிபடும் சமயத்தில் மருந்து தேடுவது வினையை மறுப்பதாகாது. ஊசி மருத்துவத்தில் மந்திரமும் இல்லை, மதமும் இல்லை. சிங்கப்பூரில் சீன வணிகர்கள் 1867இல் நிறுவிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், சமயம் பாராது ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளித்து வந்தது. மலேசியாவில் 2007ஆம் ஆண்டு கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கி, நாள்பட்ட வலிக்கு ஊசி மருத்துவம் அளிக்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டம் சீன மருத்துவத்தோடு இந்திய மருத்துவத்தையும் ஒருங்கே ஏற்றுள்ளது.

உடலில் 'சி' என்னும் உயிராற்றல் நாளங்களின் வழியே ஓடுகிறது. அது தடைப்பட்டால் வலி தோன்றும் என்பது சீனரின் பழங்கொள்கை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 361 புள்ளிகள் உள்ளன. சித்தர்களின் வர்மப் புள்ளிகளும் இவையும் ஒன்றே எனச் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. ஒப்புமை உண்டு, ஆயினும் இரண்டும் வெவ்வேறு முறைகள். மயிரிழை போன்ற ஊசியைச் செருகி ஏறத்தாழ அரைமணி நேரம் படுக்க வைப்பார்கள். குத்தும் வலியைவிட, ஒருவகை மரமரப்பும் கனமுமே தோன்றும். மாசிபத்திரி இனத்து இலையைக் கொளுத்திச் சூடு காட்டுவதும், தோலில் கிண்ணம் பதிப்பதும் இதன் துணை முறைகள்.

பலன் உண்டா? 1971இல் பீக்கிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்ட அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், பின்னர் எழுந்த வயிற்று வேதனை ஊசியால் தணிந்ததை எழுதினார். மேலைநாட்டார் பலர் இம்மருத்துவத்தின்பால் திரும்பியது அதன்பிறகே. ஒருவர் அனுபவம் சான்றாகாது என்பார்க்கு 2007இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு உண்டு. நாள்பட்ட இடுப்புவலியுடைய 1,162 பேரை மூன்றாகப் பிரித்தனர். ஆறு மாதங்களுக்குப் பின், முறையான ஊசி பெற்றோரில் 47.6 விழுக்காட்டினர் தேறினர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 விழுக்காட்டினரே தேறினர். ஆனால், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி பெற்றோரிலும் 44.2 விழுக்காட்டினர் தேறினர்!

இதனை மறைத்துப் பேசுவது அறமன்று. நாளங்களும் புள்ளிகளும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஊசி நரம்பைத் தூண்ட, உடல் தன் வலிநீக்கியாகிய எண்டார்பினைச் சுரக்கிறது என்பர். அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் பரிவோடு கவனிப்பதும், நம்பிக்கையும் கூடவே வேலை செய்கின்றன. மன அழுத்தத்திற்கு இதனால் பலன் என்பதற்கான சான்று இன்னும் மெலிந்ததே. ஆயினும் வலி குறைந்து உறங்குபவரின் மனச்சுமை இறங்குவதை வீட்டார் அறிவர்.

எச்சரிக்கைகளும் உண்டு. நெஞ்சுவலி, திடீரெனக் கைகால் செயலிழத்தல், இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவற்றுக்கு ஊசியைத் தேடிச் செல்லலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் சூட்டு முறையைத் தவிர்க்க வேண்டும். சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும். இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஊசி புதியதா, உறை கண்முன் பிரிக்கப்படுகிறதா என்று பார்ப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை எவர் சொன்னாலும் தாமே நிறுத்தலாகாது.

அத்தாயார் இறுதியில் மருமகளின் துணையோடு சென்றார். முதல் மூன்று முறை எந்த மாற்றமும் இல்லை. இனிப் போவதில்லை என்றார். மருமகள்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். பத்தாம் முறைக்குப் பின்னும் வலி முற்றாகப் போகவில்லை. ஆயினும் மாத்திரை குறைந்தது. நள்ளிரவில் எழுந்து உட்காரும் வழக்கம் நின்றது. இவ்வாண்டு தேர் புறப்பட்டபோது தூணை விட்டெழுந்து ஆலய வாசல் வரை நடந்து வந்து, கைகூப்பி நின்றார். தேர் திரும்பும் வரை நிற்க இயலவில்லை. நாற்காலி கேட்டு வாங்கி, மருமகளின் அருகில் போட்டு அமர்ந்துகொண்டார்.