சமயபுரம் கடைவீதிக்கு ஒரு காகிதம் வேணும்

(சமயபுரத்தில் நடந்த இளைஞர் சந்திப்பில் நம்ம ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான், முழுசா படிங்க. படிச்சிட்டு உங்க ஊர் கடைவீதி குரூப்ல போடுங்க.)



நான் இன்ஜினியரிங் படிச்சவன். அதனால மேடைப் பேச்சு மாதிரி இல்லாம, ஒரு கணக்கு மாதிரிதான் பேசப் போறேன். பொறுத்துக்கங்க.

சமயபுரம்னு சொன்னதும் உங்களுக்கு மாரியம்மன் ஞாபகம் வரும். அப்புறம் நெடுஞ்சாலை டோல்கேட் ஞாபகம் வரும். ஆனா இது ஒரு ஊர். கண்ணனூர் பேரூராட்சி. ஒரு காலத்துல போசளர்கள் தலைநகரமா வச்சிருந்த இடம். இன்னைக்கு இந்த ஊரோட தொழிற்சாலை எதுன்னு கேட்டா, கோயிலைச் சுத்தி இருக்கிற நாலு தெருவைத்தான் காட்டணும்.

அந்தத் தெருவுல என்னென்ன தொழில் நடக்குதுன்னு ஒருதரம் எண்ணிப் பாருங்க. வாழை நார்ல பூ கட்டுற அம்மாக்கள். எலுமிச்சை மாலை கோக்குறவங்க. அக்னிச் சட்டிக்கு மண் பிசையிற குயவர் குடும்பங்கள். கண்மலர், கை, கால்னு தகட்டுல உரு அடிக்கிறவங்க. வேப்பிலைக் கட்டு, தேங்காய் பழத் தட்டு, மஞ்சள் துணி, திருஷ்டிக் கயிறு, வளையல், பொரிகடலை. மொட்டை அடிக்கிற தொழிலாளர்கள். சாமி கும்பிட வர்றவங்க வேண்டுதல் எல்லாம் இவங்க கை வழியாத்தான் உள்ள போகுது.

இப்ப கணக்குக்கு வருவோம்.

பூ கட்டுற ஒரு அம்மாவோட நாளைப் பாருங்க. எட்டரை, கோப்பு பக்கம் விளையிற பூவும், மத்த ஊர் பூவும் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்கு வருது. விடியறதுக்கு முன்னாடி அங்க உதிரிப்பூ வாங்கணும். அதுக்குக் கையில ரொக்கம் வேணும். கொள்ளிடம் தாண்டிக் கொண்டு வந்து, கட்டி, சாயங்காலத்துக்குள்ள வித்தாகணும். விக்கலைன்னா அடுத்த நாள் அந்தப் பூவுக்கு விலை இல்ல, குப்பைதான். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் ஆரம்பிச்சா பூவுக்குக் கிராக்கி ஏறும். கிராக்கி ஏறினா இவங்க வாங்குற விலையும் சேர்ந்தே ஏறும். அதனால பூச்சொரிதல்ல பூக்காரம்மாவுக்கு நல்ல லாபம்னு நாம வெளியில நின்னு நினைச்சுக்கிறது பாதிதான் உண்மை.

அந்த விடியக்காலை ரொக்கம் எங்கிருந்து வருது? பெரும்பாலும் தண்டல்.

தண்டல்னா என்னன்னு தெரியாத தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்றேன். பத்தாயிரம் கடன்னு எழுதுவாங்க. 1,500 ரூபாயை முன்னாடியே பிடிச்சுக்கிட்டு 8,500 கையில குடுப்பாங்க. தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். கேக்குறதுக்கு 15 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே இருக்கீங்க. 100 நாள்ல சராசரியா உங்க கையில இருந்த கடன் சுமார் 4,250 ரூபாய்தான். அதுக்கு 1,500 வட்டி. வருஷக் கணக்குல பார்த்தா 125 சதவீதத்தைத் தாண்டுது! தமிழ்நாட்டுல கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லயே வந்தாச்சு. சட்டம் இருந்தும் ஏன் வாங்குறாங்க? அந்த அம்மாவுக்குக் கணக்குத் தெரியாமலா? நல்லாவே தெரியும். விடியக்காலை நாலு மணிக்குக் கேட்டதும் குடுக்கிற ஆள் வேற யாரும் இல்ல. அவ்வளவுதான்.

சரி, அரசாங்கக் கடன் இல்லையா? இருக்கு. 2020 ஜூன்ல வந்த ஸ்வநிதி திட்டம். முதல் தவணை 10,000 ரூபாயா இருந்தது, 2025ல 15,000 ஆக்கினாங்க. ஒழுங்கா கட்டினா 25,000, அப்புறம் 50,000. தவறாம கட்டுறவங்களுக்கு 7 சதவீதம் வட்டி மானியம். ஆனா அதுக்கு விண்ணப்பிக்க, நான் தெருவோர வியாபாரின்னு காட்டுற விற்பனைச் சான்றிதழோ, அடையாள அட்டையோ, உள்ளாட்சியோட பரிந்துரைக் கடிதமோ வேணும்.

ஆக, எல்லாம் அந்த ஒரு காகிதத்துல வந்து நிக்குது.

அந்தக் காகிதத்துக்கு ஒரு சட்டமே இருக்கு. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. அந்த வருஷம் மே 1ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுக்கும் முன்னாடி, 1989லயே சோடன் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு தெருவுல வியாபாரம் பண்றது அரசியலமைப்பு குடுத்த தொழில் உரிமைன்னு சொல்லிடுச்சு. இந்தச் சட்டம் மாநகராட்சிக்கு மட்டும் இல்ல, பேரூராட்சிக்கும் பொருந்தும். அதுல என்ன இருக்குன்னு கவனமா கேளுங்க:

👉 அஞ்சு வருஷத்துக்கு ஒருதரமாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்கணும். கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் குடுக்குற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

👉 அப்புறப்படுத்தணும், இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும்.

👉 பொருளைப் பறிமுதல் பண்ணினா பட்டியல் குடுக்கணும். கேட்டு வந்தா, பூ பழம் மாதிரி அழுகுற பொருளை அன்னைக்கே திருப்பித் தரணும். மத்ததை ரெண்டு வேலை நாள்ல தரணும்.

👉 நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு அமைக்கணும். அதுல குறைஞ்சது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளா இருக்கணும். அந்த 40ல மூணுல ஒரு பங்கு பெண்கள்.

👉 50 வருஷத்துக்கு மேல வியாபாரம் நடக்குற சந்தையைப் பாரம்பரியச் சந்தையா அறிவிக்கணும். அங்க இருக்கிறவங்களை இடம் மாத்தக் கூடாது.

கடைசி வரியை இன்னொருதரம் படிங்க. தாத்தா காலத்துல இருந்து தேங்காய்க் கடை போடுற குடும்பங்கள் இந்த ஊர்ல இருக்கு. அவங்களுக்காகவே எழுதின வரி மாதிரி இல்ல?

ஆனா இதே சட்டத்துல ஒரு ஓட்டையும் இருக்கு. அதையும் நேர்மையா பேசணும். ஒரு ஊரோட மக்கள்தொகையில 2.5 சதவீதம் வரைக்கும்தான் வியாபாரிகளுக்கு இடம்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. 10,000 பேர் வாழுற ஊர்னா 250 பேர். சாதாரண ஊருக்கு இது சரியா இருக்கலாம். சமயபுரத்துல வாங்குறவன் யாரு? உள்ளூர்க்காரனா? செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, அமாவாசை, பாதயாத்திரை, சித்திரைத் தேர்னு வெளியூர்ல இருந்து வர்ற சனம்தான். வாங்க வர்றவங்களைக் கணக்குல எடுக்காம, வீட்டுல இருக்கிறவங்களை மட்டும் எண்ணி இடம் ஒதுக்குறது தப்பான டிசைன். சராசரி லோடுக்குக் கட்டின டிரான்ஸ்பார்மர் திருவிழா அன்னைக்கு என்ன ஆகும்? அதேதான். கோயில் ஊர்களுக்குன்னு தனி அளவு வேணும். சமயபுரம், பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலைன்னு எல்லா ஊருக்குமான கோரிக்கை இது. இதை நாம எடுத்துப் பேசணும்.

"அப்ப பக்தர் நடக்க வழி வேண்டாமா? ஆம்புலன்ஸ் போக வேண்டாமா?" இப்படிக் கமெண்ட் வரும்னு தெரியும். கேள்வி நியாயமானது. வழி வேணும், கண்டிப்பா வேணும். அதுக்குத்தான் சட்டத்துலயே மூணு வகை பிரிச்சிருக்காங்க: தாராளமா விக்கலாம், கட்டுப்பாட்டோட விக்கலாம், விக்கவே கூடாது. தேர் ஓடுற தெருவுல தேர் அன்னைக்குக் கடை வேண்டாம்னா, வியாபாரியே முதல் ஆளா ஒதுங்கி நிப்பார். அவரும் அந்த ஆத்தாவுக்கு விரதம் இருக்கிறவர்தானே? பக்கத்துல எங்க போடலாம்னு கோடு போட்டுக் காட்டுங்கன்னுதான் கேக்குறாங்க. அந்தக் கோட்டை அதிகாரி மட்டும் தனியா போடக்கூடாது, விக்கிறவரும் கூட உக்காந்து போடணும்னுதான் அந்த 40 சதவீதம்.

கைவினைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டி செய்யற குயவருக்கு முதல் பிரச்சனை மண். 2024 ஜூலையில இருந்து, ஏரி குளத்து களிமண்ணை வட்டாட்சியர் அனுமதியோட கட்டணம் இல்லாம எடுக்கலாம். அடுத்தது, கலைஞர் கைவினைத் திட்டம். 35 வயசு தாண்டினவங்களுக்கு 3 லட்சம் வரைக்கும் கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. மண்பாண்டத் தொழிலும் அதுல உண்டு. யார் கொண்டு வந்த திட்டம்னு பார்க்காதீங்க. நம்ம சனத்துக்கு வந்து சேருதான்னு பாருங்க. சேரலைன்னா கேள்வி கேக்குறது நம்ம வேலை.

இப்ப செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு: ஆர்டிஐ போடுங்க. கட்டணம் வெறும் 10 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும். கேள்வி நாலே நாலு. எங்க பேரூராட்சியில நகர விற்பனைக் குழு இருக்கா? கடைசியா எப்ப கணக்கெடுத்தீங்க? எத்தனை பேருக்குச் சான்றிதழ் குடுத்தீங்க? பாரம்பரியச் சந்தைன்னு எதையாவது அறிவிச்சிருக்கீங்களா?

ரெண்டு: ஒவ்வொரு தெருவுக்கும் ரெண்டு பேர் போங்க. கூட்டம் இல்லாத புதன்கிழமை போங்க, வெள்ளிக்கிழமை போய் வியாபாரத்தைக் கெடுக்காதீங்க. எந்த இடம், என்ன பொருள், எத்தனை வருஷம்னு எழுதுங்க. அவங்க சம்மதிச்சா மட்டும் போட்டோ. ஆதார் நம்பர், போன் நம்பர் எதையும் குரூப்ல போடவே கூடாது.

மூணு: விண்ணப்பத்தை நாமளே உக்காந்து நிரப்பிக் குடுக்கணும். கட்சித் துண்டு போட்டுக்கிட்டுப் போகாதீங்க. அந்தக் கடைக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுவார்னு கேக்காதீங்க.

நாம லேப்டாப்ல டிரெண்டிங் பண்ணத் தெரிஞ்சவங்க. ஒரு ஹேஷ்டேக் ஒரு நாள் ஓடும். ஒரு விற்பனைச் சான்றிதழ் அந்த அம்மாவோட கூடையை யாரும் தூக்கிட்டுப் போகாம காக்கும். வர்ற பூச்சொரிதலுக்கு முன்னாடி நம்மால எத்தனை பேர் கையில அதைக் குடுக்க முடியும்? எண்ணிக்கையைக் கமெண்ட்ல போடாதீங்க. முடிச்சிட்டு வந்து சொல்லுங்க.



#சமயபுரம் #கண்ணனூர் #தெருவோரவியாபாரிகள்உரிமை