ஆழ்கடல் வீரர் கார்ல் பிரஷீர்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இந்நன்னாளில் ஒரு கடற்படை வீரரின் வாழ்க்கையை நினைவுகூர விரும்புகிறோம். அவர் அமெரிக்கக் கறுப்பின மக்களுள் ஒருவர். ஆயினும் நமக்கு அயலார் அல்லர். 1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்கு மடல் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். 1972இல் மராட்டிய மண்ணில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பின்பற்றியே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. எனவே அவர்களுடைய வரலாற்றைப் பயில்வது, உறவினர் வீட்டுச் செய்தியைக் கேட்பது போன்றதே.

கார்ல் பிரஷீர் 1931 சனவரி 19ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதவர். விளைச்சலில் பெரும்பங்கு யாருக்குப் போகும் என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சிற்றூர்ப் பள்ளியோடு பிரஷீரின் படிப்பு நின்றது. 1948 பிப்ரவரியில், பதினேழாம் வயதில், கடற்படையில் சேர்ந்தார்.

அக்கடற்படை எத்தகையது? 1930களில் அங்குச் சேர்ந்த கறுப்பினத்தவருக்குச் சமையற்கட்டும் அதிகாரிகளின் உணவுக்கூடமுமே இடம். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது, டோரிஸ் மில்லர் என்ற உணவுக்கூடப் பணியாளர், தமக்குப் பயிற்சியே தரப்படாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியை இயக்கிப் போரிட்டார். 1942இல்தான் பிற பணிகள் முறைப்படி திறக்கப்பட்டன. 1948 ஜூலையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைகளில் இன வேற்றுமை கூடாதென ஆணையிட்டார். ஆணை ஒரு நாளில் பிறந்தது. மனம் ஒரு நாளில் மாறவில்லை. பிரஷீரும் முதலில் அதிகாரிகளின் உணவுக்கூடத்துக்கே அனுப்பப்பட்டார்.

அவர் நெஞ்சமோ கடலின் அடியில் இருந்தது. மூழ்குவீரர் பயிற்சி வேண்டி மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். இடம் கிடைத்தபோது, அவரை மூழ்கடித்துவிடுவதாக மிரட்டும் சீட்டுகள் அவருடைய படுக்கையில் வைக்கப்பட்டன. அவர் விலகவில்லை. 1954இல் கடற்படையின் மூழ்கு மீட்புப் பள்ளியில் தேறிய முதற் கறுப்பினத்தவர் ஆனார்.

இனி வருவதை இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம். 1960இல் முதல்தர ஆழ்கடல் வீரருக்கான பயிற்சிக்குச் சென்ற பிரஷீர், அங்கே தோற்றார். அவருடைய உடல் தோற்கவில்லை, பாடத்தில் தோற்றார். ஆழ்கடற்பணி மூச்சடக்கும் வித்தை மட்டுமன்று. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடும். அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் குருதியில் கரையும். விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் மூளையையும் தாக்கும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தால், எங்கெங்கே எவ்வளவு நேரம் தங்கி மேலேற வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லும். கணக்கு அறியாதவனை அவனுடைய வீரம் காப்பாற்றாது.

கென்டக்கிச் சிற்றூர் கொடுக்காத கல்வியை, முப்பதை எட்டிய வயதில் அவர் தேடிக்கொண்டார். உயர்நிலைப் பள்ளிக்கு நிகரான தேர்வில் தேறினார். கணிதமும் அறிவியலும் பயின்று, அதே பயிற்சிக்கு மீண்டும் சென்று வென்றார்.

1966 சனவரியில் ஸ்பெயினின் பலோமரேஸ் ஊருக்கு மேலே அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானமும் எரிபொருள் விமானமும் மோதின. நான்கு ஹைட்ரஜன் குண்டுகளுள் ஒன்று கடலில் வீழ்ந்தது. அதனை மீட்கும் பணியில் பிரஷீரும் ஈடுபட்டார். மார்ச் 23 அன்று கப்பலில் இழுவைக் கயிறு அறுபட, இரும்புக் குழாய் ஒன்று பறந்து வந்தது. தம் ஆட்களை அப்பால் தள்ளிய பிரஷீரின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது. ஏப்ரல் 7இல் குண்டு ஏறத்தாழ 2,900 அடி ஆழத்திலிருந்து மேலே வந்தது. பிரஷீரோ காலை இழந்தார்.

கடற்படை அவரை ஓய்வளித்து அனுப்ப எண்ணியது. அவர் பொய்க்காலுடன் ஓடிப் பழகினார். ஓட்டம் முடிந்து கழற்றும்போது அதனுள் குருதி தேங்கியிருக்கும். மருத்துவரிடம் சென்றால் தகுதியற்றவர் என எழுதிவிடுவர் என்றஞ்சி, வெந்நீரில் உப்பிட்டுத் தாமே புண்ணை ஆற்றிக்கொண்டார். 1968 ஏப்ரலில் மீண்டும் மூழ்குவீரராகச் சான்று பெற்றார். காலிழந்த ஒருவர் அக்கடற்படையில் அவ்வாறு சான்று பெற்றது அதுவே முதல் முறை. 1970இல் தலைமை மூழ்குவீரர் தகுதியை எட்டிய முதற் கறுப்பினத்தவர் ஆனார். 1979இல் ஓய்வு பெற்றார்.

வீரரைப் புகழும்போது வீட்டை மறப்பது முறையன்று. பிரஷீர் 1952இல் மணம் புரிந்து நான்கு ஆண் மக்களுக்குத் தந்தையானவர். கடல் அவரை நெடுநாள் வீட்டிலிருந்து பிரித்தது. ஒரு காலத்தில் மதுப்பழக்கமும் அவரைப் பற்றியது. 1978இல் மணவாழ்வு முறிந்தது. அவர் தம் குறையை மறைக்காமல் சிகிச்சை பெற்று, மதுவை வென்றார். மக்கள் அவரை மறக்கவில்லை. மகன்களுள் ஒருவர் ராணுவத்தில் ஹெலிகாப்டர் விமானியானார். 2006 ஜூலை 25இல் பிரஷீர் மறைந்தபின், மக்களே அவர் பெயரால் அறக்கட்டளை நடத்தி அவருடைய வாழ்வை எடுத்துரைத்தனர். 2008இல் கடற்படை தன் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஏவலராக அனுப்பப்பட்டவரின் பெயர் கப்பலின் முகப்பில் ஏறியது!

அன்பர்களே, விழா மேடையில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவரைப் பாராட்டுகிறோம், அது தக்கதே. ஆனால் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறி, வெட்கத்தால் வீட்டுக்குள் ஒடுங்கிய பிள்ளையை இவ்விழாவுக்கு அழைத்தோமா? அவன் செங்கற்சூளைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டால், தோற்றவன் அவன் ஒருவன்தானா? 1960இல் தேர்வில் தவறிய பிரஷீரை உலகம் அத்தோடு விட்டிருந்தால், 1970இன் தலைமை மூழ்குவீரர் ஏது?

ஆகவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் தேர்ச்சிப் பட்டியலோடு தவறியோர் பட்டியலையும் இச்சங்கம் கையில் வைத்திருக்கட்டும். அப்பெயர்களுக்கு உரிய வீடுதோறும் நம் இளைஞர்கள் செல்லட்டும், வயது எதுவாயினும் மீண்டும் புத்தகத்தை எடுக்கச் சொல்லட்டும், உடனமர்ந்து கற்பிக்கட்டும். கல்வி நமக்குக் காலம் தாழ்ந்து வந்த உரிமை. தாழ்ந்து வந்தாலும் அதைத் தவற விடமாட்டோம்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!