மகப்பேறும் மகளிர் உரிமையும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மகப்பேறு பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி என்றால் பள்ளிக்கூடம், தேர்வு, உத்தியோகம் என்றே நாம் பழகிவிட்டோம். ஆனால் ஒரு பெண் எப்போது மணம் செய்துகொள்வது, எத்தனை பிள்ளைகள் பெறுவது, எத்தனை ஆண்டு இடைவெளி விடுவது என்னும் கேள்விகளுக்கு யார் விடை சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாமியார் சொல்கிறார், கணவன் சொல்கிறான், சில நாடுகளில் அரசாங்கமே சொல்லியிருக்கிறது. சுமக்கப் போகிறவளை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவளைக் கேட்க வேண்டும். அவள் அறிந்து சொல்லும் விடையை மதிக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்த செய்தி இது ஒன்றே.

இக்கருத்து மேல்நாட்டாரிடம் நாம் இரவல் வாங்கியது அன்று. அண்ணல் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்குப் பேறுகால ஓய்வும் உதவித் தொகையும் அளிக்கும் மசோதாவை ஆதரித்துப் பம்பாய்ச் சட்டசபையில் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்று வாதாடினார். மறு ஆண்டே அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்திலும் 1934இல் அத்தகைய சட்டம் பிறந்தது. பின்னர் 1938 நவம்பரில், கருத்தடை பற்றிய தீர்மானம் ஒன்று பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு வந்தது. அண்ணல் ஆயத்தம் செய்த உரையை, அவர் கட்சியைச் சேர்ந்த ரோகம் என்பார் அவையில் படித்தார். பிள்ளை பெற விரும்பாத பெண்ணுக்குக் கருவுறாமல் காத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்றும், பெறுவது அவள் விருப்பத்தைச் சார்ந்து நிற்க வேண்டும் என்றும் அவ்வுரை கூறிற்று. தீர்மானம் தோற்றது. ஆயினும் பெறுகிறவளுக்கு உதவி, பெற விரும்பாதவளுக்கு வழி என்னும் இரண்டையும் ஒருவரே கேட்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விரண்டையும் பறித்த அரசுகளை உலகம் கண்டிருக்கிறது. முதலில் ருமேனியா நாட்டைப் பார்ப்போம். மக்கள் தொகையைப் பெருக்க வேண்டும் என்று கருதிய சௌசெஸ்குவின் ஆட்சி, 1966இல் சில விதிவிலக்குகள் நீங்கலாகக் கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடைச் சாதனங்களும் எளிதில் கிடைக்கவில்லை. விளைவு என்ன? பெண்கள் மறைவிடங்களை நாடினர். 1989 வரையில் ஏறத்தாழ 10,000 பெண்கள் முறையற்ற கருக்கலைப்பால் மாண்டனர். அவ்வாண்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 170 தாய்மார் இறந்தனர். அன்றைய ஐரோப்பாவில் இதுவே மிகுதி. அவ்வாண்டு டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தடை நீக்கப்பட்டது. மறு ஆண்டே தாய்மார் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சட்டம் ஒன்றை நீக்கியதாலேயே இத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1973இல் 14 வயதும் 12 வயதும் உடைய இரு கறுப்பினச் சிறுமியருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களின் தாய் எழுத்தறியாதவர். ஊசி போடுவதற்கு என்று நம்பி, நீட்டிய தாளில் ஒரு பெருக்கல் குறியை இட்டார். அந்த வழக்கால் நாடே விழித்தது. 21 வயது நிரம்பாதவருக்கு அரசுப் பணத்தில் அந்த அறுவை கூடாது, ஒப்புதலுக்கும் அறுவைக்கும் இடையே 30 நாள் இருக்க வேண்டும் என்னும் விதிகள் அதன் பின்னரே எழுந்தன.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் 1996 முதல் 2000 வரை சுமார் 2,70,000 பெண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களுள் மலைநாட்டுக் கெச்சுவா மொழி பேசும் ஏழைப் பெண்கள் பல்லாயிரவர். மருத்துவப் பணியாளருக்கு இத்தனை பேர் என்று இலக்கு விதிக்கப்பட்டிருந்தது. அறியாமலும் அச்சுறுத்தப்பட்டும் உட்பட்டோர் பலர். செக் நாட்டிலோ ரோமா எனப்படும் நாடோடி மரபினப் பெண்கள் இக்கொடுமைக்கு ஆளாயினர். 2009இல் அந்நாட்டு அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் ஆளுக்கு 3,00,000 கொருனா இழப்பீடு வழங்கச் சட்டம் செய்தது.

அலபாமாவில் கறுப்பினத்தார், பெருவில் பழங்குடியினர், செக் நாட்டில் ரோமா மக்கள். பெயர்கள் வேறு, நிலை ஒன்றே. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சேரி இருக்கிறது; கேட்காமல் கத்தி வைக்கும் துணிவு முதலில் அங்கேதான் காட்டப்படுகிறது. இதனை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

நம் நாடும் விலக்கு அன்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அன்று பெரும்பாலும் ஆண்கள் உட்படுத்தப்பட்டனர். அதனால் எழுந்த எதிர்ப்பைக் கண்டபின் பாரம் முழுவதும் பெண்கள் மீது இறங்கிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்களுக்குரிய அறுவை எளிது, ஆபத்தும் குறைவு. எனினும் தாய்மாரே முன்வர வேண்டும் என்கிறோம்.

பீகாரின் அரரியா மாவட்டத்தில் 2012 ஜனவரியில் ஒரே இரவில், ஒரே மருத்துவர், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார். இடம், ஓர் அரசுப் பள்ளிக்கூடம். கட்டில், மாணவர் எழுதும் மேசை. வெளிச்சம், கைவிளக்கு. ஆசிரியனாகிய எனக்கு, பிள்ளைகள் எழுத்துக் கற்கும் மேசை இதற்கா பயன்பட வேண்டும் என்று நெஞ்சு கனக்கிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களுள் 13 பேர் இறந்தனர். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்றும், அறுவையின் விளைவுகளை அவரவர் மொழியில் விளக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

குடும்பக் கட்டுப்பாட்டை நான் குறை கூறவில்லை. சிறு குடும்பத்தால் நம் இல்லங்களில் பிள்ளைகள் படித்து முன்னேறியது கண்கூடு. விரும்பி, அறிந்து, நல்ல மருத்துவமனையில் செய்துகொள்ளும் அறுவை வேறு. இலக்கை நிரப்ப இழுத்துச் செல்வது வேறு. 1994இல் கெய்ரோவில் கூடிய 179 நாடுகளின் மாநாடு இந்த வேறுபாட்டைத்தான் வரையறுத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் காலத்தையும் வற்புறுத்தலின்றி முடிவு செய்வதும், அதற்கு வேண்டிய செய்தியும் வசதியும் பெறுவதும் மனித உரிமை என்று அம்மாநாடு உரைத்தது.

இந்த உரிமை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. ஆகவே நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுகிறேன்.

முதலாவது: 18 வயது நிரம்புமுன் பெண்ணுக்கு மணம் முடிப்பது குற்றம். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த பெண், ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் காணாமற்போவதை ஆசிரியர்கள் அறிவோம். வளர்ச்சி நிரம்பாத உடல் பிள்ளை சுமக்க நேர்வது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

இரண்டாவது: கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2017 முதல் 26 வாரமாக உள்ள சட்டப்படியான மகப்பேறு விடுப்பு, கழனியில் நாற்று நடும் நம் பெண்களை எட்டவில்லை. அவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழக அரசு வழங்கும் உதவியே துணை. பதிவு தவறினால் அதுவும் கிட்டாது.

மூன்றாவது: நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதில் கூறிய காரணங்களுக்காக, தகுதி பெற்ற மருத்துவரிடம் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இருவர் கருத்தும் வேண்டும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் ஒப்புதல் ஒன்றே போதும்; கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மணமாகாத பெண்ணையும் 24 வார வரம்பிலிருந்து விலக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டு மருந்துக்காரரையும் மறைவான வீடுகளையும் நாடி உயிரிழக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! அலபாமாவில் அந்தத் தாய் இட்ட குறியை நாம் கைநாட்டு என்கிறோம். கைநாட்டை ஒழிக்கவே இக்கழகம் 25 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டும்போது, இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுங்கள், நாளை வந்து கையெழுத்திடுகிறேன் என்று சொல்லத் தெரிந்த பெண்ணை எந்த இலக்கும் வீழ்த்த முடியாது. உங்கள் தாய்க்கும் அண்ணிக்கும் தங்கைக்கும் அவ்வாறு சொல்லக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்று உங்களிடமே சொல்லும் நாளில், அதை ஏற்கும் பண்பையும் வளர்த்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள் மாலை, இக்கழகக் கட்டடத்திலேயே செவிலியர் ஒருவரை அழைத்து மகளிருக்கு இவற்றை விளக்க நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.