சித்திரகுப்தன் கணக்கும் சுரங்கக் கணக்கும்

(இரும்புலியூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



மேலுலகத்தில் சித்திரகுப்தன் என்று ஒரு கணக்கப்பிள்ளை இருப்பதாகவும், நம்முடைய பாவ புண்ணியம் ஒன்று விடாமல் அவன் ஏட்டில் ஏறிவிடுவதாகவும் நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். கண்ணால் காணாத அந்த ஏட்டுக்குப் பயப்படுகிற நாம், பாடுபடுகிறவன் எந்தத் தூசியை எத்தனை வருஷம் சுவாசித்தான் என்று இந்தப் பூமியில் எழுத வேண்டிய ஏட்டைப் பற்றி என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் தாய்மாமன் வெளியூரில் பல வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு அறுக்கும் வேலை செய்தார். வேலையை விட்டு வெகுகாலம் கழித்து மூச்சுத் திணறல் வந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் "என்ன தொழில்?" என்று கேட்டார்கள். "கூலி வேலை" என்றோம். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த இரண்டு வார்த்தையில் அவருடைய வியாதியின் காரணமே மறைந்து போயிற்று. அவர் செத்த அன்று சொந்தக்காரர்கள் "தலைவிதி" என்றார்கள். தோழர்களே! காரணத்தை எழுதி வைக்காத இடத்தில்தான் தலைவிதி குடியேறுகிறது.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது என்ன? கல்நார். மலையிலிருந்து வெட்டி எடுக்கும் கல்தான். அதை உடைத்தால் தலைமயிரை விட மெல்லிய நாராகப் பிரியும். அது சுவாசப்பைக்குள் போனால் உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது. முழுவதும் வெளியே தள்ளவும் முடியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துச் சுவாசப்பை தழும்பேறி இறுகும். அல்லது புற்றுநோய் வரும். சுரங்கத்துக்கே போகாமல், புருஷனின் அழுக்குத் துணியைத் துவைத்த பெண்களுக்கும் வந்திருக்கிறது. அதற்குள் முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பான். வேலை செய்தவன் ஊர் மாறியிருப்பான். பிறகு யார் எதை ருசுப்படுத்துவது?

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1953 வரை நம் சென்னை ராஜ்யத்தில் இருந்த கடப்பை ஜில்லாவில் புலிவெந்தலைப் பக்கம் கல்நார் வெட்டினார்கள். இன்றைய ஜார்க்கண்டில், சாய்பாசாவுக்கு அருகில் ரோரோ மலையில் ஆதிவாசிகளை வைத்து வெட்டினார்கள். 1983-ல் ரோரோ சுரங்கத்தை மூடினார்கள். கழிவு மட்டும் மலை மலையாக அங்கேயே கிடந்தது. ஆட்களின் கணக்கை யார் எடுத்தார்கள்?

1995 ஜனவரி 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவருடைய ஆரோக்கியக் கணக்கையும், அவன் வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோரோ மூடிய 1983-லேயே இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட 40 வருஷம் 2023-ல் முடிந்துவிட்டது. ஏட்டுக்குக் கெடு முடிந்தது. வியாதிக்குக் கெடு முடியவில்லை! அன்றியும், மூடிப்போன சுரங்கத்துக்கு ஏடு வைக்க எந்த முதலாளி வருவான்? ஆகவே இந்த வேலையைச் சர்க்கார்தான் செய்ய வேண்டும்.

இது ஆகாத காரியமா? கானடா தேசத்தில் பே வெர்ட் என்ற ஊரில் 1963-ல் கல்நார்ச் சுரங்கம் திறந்தார்கள். 1978-ல் தொழிலாளிகள் கூலிக்காக அல்ல, தூசிக்காகவே வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கம் மூடி வெகுகாலம் ஆன பிறகு, 2008-க்கு மேல், பழைய தொழிலாளிகளைத் தேடிப் பிடித்து, யார், எந்த வருஷம், என்ன வேலை, என்ன வியாதி என்று ஒரு பதிவேடு எழுதினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் பதிந்தார்கள். தேவதை இறங்கி வந்து எழுதவில்லை. மனிதன் கேட்டான், மனிதன் எழுதினான்.

காசநோயையும் ஒரு காலத்தில் முன்ஜென்ம பாவம் என்றார்கள். 1882-ல் ராபர்ட் காக் கிருமியைக் காட்டினார். 1928-ல் இதோ பக்கத்திலே தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து சானடோரியம் கட்டினார். காரணம் தெரிந்தது, பாவம் ஓடிப்போயிற்று. கல்நாருக்குக் காரணம் தெரிந்தும் ஏடு இல்லாததால் பாவம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே தோழர்களே! சுரங்கத்திலோ, ஆலையிலோ, கூரை வேலையிலோ கல்நாரைத் தொட்டவர்கள் இன்று இரவே ஒரு காகிதத்தில் எங்கே, எந்த வருஷம், என்ன வேலை என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். வைத்தியரிடம் "கூலி வேலை" என்று சொல்லாதீர்கள்; "கல்நார் வேலை" என்று சொல்லுங்கள். பழைய தொழிலாளிகள் எல்லோரையும் தேடிப் பதிந்து, காலாகாலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஏடு ஒன்றைச் சர்க்கார் திறக்கும்படி சங்கம் சங்கமாகக் கேளுங்கள்.

சித்திரகுப்தன் ஏடு நாம் செத்தபிறகு தண்டிக்க என்கிறார்கள். நாம் கேட்கும் ஏடு சாகாமல் காப்பாற்ற. எது வேண்டும் என்பதை உங்கள் அறிவுக்கே விட்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.