அலாரம் ஒலித்தால் காவலர் வருவாரா?

(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

களவு, கொள்ளை அலாரங்களுக்காக அமெரிக்க நகராட்சிகள் வகுத்துள்ள விதிமுறைகள் என்பது இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நம் மஹல்லாவில் பிள்ளைகளை அந்நாட்டிற்கு அனுப்பிவைத்த குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாயிருக்கவும் சென்று, சில மாதங்கள் தங்கித் திரும்புகிற பெற்றோரும் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்த வீடுகளில் வாயிற்கதவை அடுத்த சுவரில் ஓர் எண்பலகை பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "உள்ளே வந்ததும் இந்த நான்கு எண்களை அழுத்துங்கள்" என்பதோடு பிள்ளைகள் விளக்கத்தை முடித்துக்கொள்கிறார்கள். அந்த எண்பலகைக்குப் பின்னால் ஒரு நகராட்சிச் சட்டமும், ஓர் உரிமமும், ஓர் அபராதப் பட்டியலும் இருப்பதை எவரும் சொல்வதில்லை.

இந்தக் கருவி புதியதன்று. மின்சாரத்தால் இயங்கும் களவு அலாரத்திற்கு 1853ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர், பாஸ்டன் நகரை ஒட்டிய சாமர்வில் ஊரின் தேவாலயப் போதகர் அகஸ்டஸ் போப். எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர் அவ்வுரிமையை விலைக்கு வாங்கிப் பெரும் தொழிலாக வளர்த்தார். அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றே. கதவிலோ சன்னலிலோ உள்ள இணைப்பு விலகினால் மணி ஒலிக்கும். பின்னாளில் அந்த மணியின் ஓசை கம்பி வழியாகத் தொலைவிலுள்ள ஒரு கண்காணிப்பு நிலையத்தை எட்டியது. நாம் மனத்தில் இருத்த வேண்டிய இடம் இதுவே. வீட்டில் ஒலிக்கும் அலாரம் பெரும்பாலும் நேராகக் காவல் நிலையத்தை அடைவதில்லை. மாதக் கட்டணம் பெறும் ஒரு தனியார் நிறுவனத்தின் நிலையத்தை அது அடைகிறது. அங்கே அமர்ந்திருக்கும் ஊழியர் முதலில் வீட்டுத் தொலைபேசிக்கும், பிறகு வீட்டுக்காரரின் கைப்பேசிக்கும் அழைத்துப் பார்த்துவிட்டு, விடை கிடைக்காதபோதே காவல்துறைக்குச் சொல்கிறார். கட்டணம் வாங்குபவர் ஒருவர், இரவில் வண்டியேறி வருபவர் வேறொருவர். சிக்கல் அனைத்தும் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

அமெரிக்க நீதித்துறையின் ஆதரவில் காவல்துறையினருக்காக எழுதப்பட்ட ஒரு கையேடு, 2002ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுக் காவலர் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் அலாரங்களுக்குச் சென்று வந்ததாகவும், அதற்கான செலவு 180 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. அவற்றுள் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய் அலாரங்கள். அதாவது நூறு முறை காவலர் ஓடிச்சென்றால், கள்வன் வந்துபோன அடையாளம் இருந்தது மிஞ்சிப்போனால் ஆறு இடங்களில். கருவிக் கோளாறு ஒரு காரணம்தான் என்றாலும், பெரும்பங்கு மனிதத் தவறே. எண்ணை மறந்துவிடுவது, பின்கதவைச் சரியாகச் சாத்தாமல் கிளம்புவது, வேலையாளிடம் சாவியை மட்டும் கொடுத்து எண்ணைக் கொடுக்காமல் விடுவது என்று அதற்கு வழிகள் பல. பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன் குளிர்சாதனக் காற்றில் மிதந்து, அசைவுணர் கருவியின் முன்னே வந்ததாலும் அலாரம் ஒலிப்பதுண்டு.

நம் பெரியவர்களுக்கு உரியது இன்னொரு வழி. பிள்ளைகள் இரவு படுக்கும்போது அலாரத்தை முடுக்கிவிட்டு உறங்கப் போகிறார்கள். நாம் சுபுஹுக்கு எழுகிறோம். ஒளுச் செய்துவிட்டுச் சற்றுக் காற்று வாங்கலாம் என்று பின்கதவைத் திறக்கிறோம். வீடே அதிர்கிறது. தொலைபேசி அழைக்கிறது. எடுத்தால் ஆங்கிலத்தில் ஒரு குரல் வாய்மொழிக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. எண்பலகையில் அழுத்தும் எண் அன்று அது. வாயால் சொல்ல வேண்டிய ஒரு சொல். அதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதறிப்போய்த் தொலைபேசியை வைத்துவிட்டால், கள்வன்தான் எடுத்து வைத்துவிட்டான் என்று அந்த ஊழியர் முடிவு செய்வார். அவர் தம் கடமையைத்தான் செய்கிறார்.

இதற்கு நகராட்சிகள் கண்ட முதல் பரிகாரம் உரிமமும் அபராதமும். டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஹூஸ்டன், டாலஸ் பகுதிகளில் தமிழர் மிகுதி. அங்கே நகராட்சி விரும்பியபடியெல்லாம் வசூலித்துவிட முடியாது. மாநிலச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. வீட்டு அலாரத்திற்கான உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 50 டாலரைத் தாண்டலாகாது. பன்னிரண்டு மாதங்களில் மூன்று பொய் அலாரங்கள் வரை களவு அலாரத்திற்கு அபராதம் கிடையாது. அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 50 டாலர், பிறகு 75, எட்டைத் தாண்டினால் 100 என்று உச்சவரம்பு ஏறுகிறது. எட்டு பொய் அலாரங்களுக்குப் பின் உரிமத்தையே நகராட்சி நீக்கிவிடலாம். இதில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிற விதி மற்றொன்று. தகவல் வந்த 30 நிமிடங்களுக்குள் காவலர் நேரில் வந்து பார்த்து, பொய்யென்று கண்டால்தான் அதைப் பொய் அலாரமாகக் கணக்கிடலாம். தாமதமாக வந்துவிட்டு அபராதச் சீட்டை நீட்ட முடியாது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. அலாரத்திற்குக் காவலர் வராமற்போய் இழப்பு நேர்ந்தாலும் நகராட்சி அதற்குப் பொறுப்பாகாது. உரிமக் கட்டணம் கட்டியதால் காவலரை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று எண்ணுகிறவர்கள் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டும்.

வணக்கத்தலம் என்பதற்காகவும் பல ஊர்களில் விலக்கு இல்லை. பள்ளிவாசல் அலாரத்திற்கும் உரிமம் வேண்டும். வீட்டைவிடப் பள்ளிவாசலில் பொய் அலாரத்திற்கு இடம் அதிகம் என்பதே என் கருத்து. நிர்வாகிகள், இமாம், வார இறுதி வகுப்பு நடத்துவோர், துப்புரவு செய்பவர் என்று சாவி பல கைகளில் இருக்கும். கடைசியாகப் பூட்டியவர் யார் என்பது எல்லா ஜமாஅத்திலும் விவாதத்திற்குரிய செய்திதானே!

இதுவரை சொன்னது களவு அலாரம். ஆளில்லாத இடத்தில் அல்லது உறங்கும் வீட்டில் கருவி தானே உணர்ந்து எழுப்புவது அது. கொள்ளை அலாரத்தை ஒரு மனிதர்தாம் எழுப்ப வேண்டும். கடையின் பணப்பெட்டிக்குக் கீழே மறைவாக ஒரு பொத்தான் இருக்கும். துப்பாக்கியோடு ஒருவன் எதிரே நிற்கும்போது கடைக்காரர் அதை ஓசையின்றி அழுத்துகிறார். மணி ஒலிக்காது. கண்காணிப்பு நிலையத்தார் கடைக்குத் தொலைபேசி செய்து சரிபார்ப்பதும் இல்லை. அந்த அழைப்பே கடைக்காரரின் உயிருக்கு ஆபத்தாகலாம். செய்தி நேரே காவல்துறைக்குப் போகிறது. பல நகராட்சிச் சட்டங்கள் இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுக்கின்றன. ஒன்றில் பெரும்பாலும் பொருள், மற்றொன்றில் உயிர்.

ஆகவேதான் பொய்யான கொள்ளை அலாரத்திற்குக் கட்டணம் கடுமையாக உள்ளது. டாலஸ் போன்ற நகரங்களில் களவு அலாரத்திற்குத் தரும் சலுகை இதற்கு இல்லை. முதல் தவறிலிருந்தே வசூலிப்பார்கள். காரணம் பணம் மட்டுமன்று. உள்ளே ஆயுதம் ஏந்தியவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு காவலர் விரைகிறார். அந்த மனநிலையில் வருபவர் முன்னே எதிர்ப்படுகிறவர் யாராயினும் ஆபத்துதான். 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்து மேடிசன் ஊரில் நடந்ததைப் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது அலாரத்தால் நேர்ந்ததன்று. யாரோ சந்தேகத்திற்குரியவர் தெருவில் நடமாடுகிறார் என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னதால் நேர்ந்தது. குஜராத்திலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருந்த 57 வயதுப் பெரியவர் காலையில் நடந்துகொண்டிருந்தார். ஆங்கிலம் அறியாத அவரைக் காவலர் ஒருவர் தரையில் வீழ்த்தியதில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. பிழையான தகவலை நம்பிக் காவலர் வருவது எத்தகையது என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

அபராதத்தால் மட்டும் தீராது என்று கண்ட சில நகரங்கள் ஒரு படி மேலே சென்றன. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம் 2000 டிசம்பரில் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. களவு அலாரம் ஒலித்தால் முதலில் தனியார் காவலாளியோ வீட்டுக்காரரோ போய்ப் பார்க்க வேண்டும். குற்றம் நடந்த அறிகுறி இருந்தால்தான் காவல்துறை வரும். கொள்ளை அலாரத்திற்கு இந்த நிபந்தனை இல்லை. அதற்குக் காவலர் உடனே வருவர். இதன் பயனாகக் காவலர் அலாரத்திற்குச் செல்லும் தடவைகள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. லாஸ் வேகாஸ் 1990களின் தொடக்கத்திலேயே இவ்வழியில் சென்றது. மில்வாக்கி 2004இல் பின்பற்றியது. டாலஸ் நகரம் 2006இல் வணிக இடங்களுக்கு மட்டும் கொண்டுவந்து, வணிகர்களின் எதிர்ப்பால் பின்னர் கைவிட்டது. ஜார்ஜியா மாநிலத்துச் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம் வேறொரு வழியைக் கண்டது. வீட்டுக்காரரை விட்டுவிட்டு, பொய்த்தகவலுக்காக அலாரம் நிறுவனங்களிடமே அபராதம் கேட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன; நீதிமன்றம் நகராட்சியின் பக்கமே நின்றது. கட்டணம் வாங்குபவரே பொறுப்பையும் ஏற்கட்டும் என்ற இந்த முறையே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

அண்மைய எடுத்துக்காட்டு சியாட்டில். காவலர் பற்றாக்குறையில் தவித்த அந்நகரம், 2024 அக்டோபர் முதல், வெறும் உணர்கருவியின் தகவலுக்குக் காவலரை அனுப்புவதில்லை என்று அறிவித்தது. ஒளிப்பதிவோ, ஒலியோ, நேரில் கண்டவரின் சாட்சியோ, மனிதர் அழுத்திய ஆபத்துப் பொத்தானோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஏறத்தாழ 13,000 அலாரங்களுள் குற்றமென்று உறுதியானவை 4 விழுக்காட்டிற்கும் குறைவு என்பது அவர்கள் காட்டிய காரணம்.

இதனை எதிர்ப்போரின் வாதத்தையும் தள்ளிவிடுவதற்கில்லை. ஒளிப்படக் கருவி வாங்கவும் தனியார் காவலாளியை அமர்த்தவும் வசதியுள்ளவர் தப்பித்துக்கொள்வார். சிறுகடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். ஆனால் எவரும் மறந்துவிடுகிற ஒருவர் உண்டு. அலாரமே வாங்க இயலாதவர், அதே இரவில் உண்மையான ஆபத்தில் காவல்துறையை அழைத்துக் காத்திருக்கிறார். காவலரோ எவர் வீட்டிலோ மிதந்த பலூனைப் பார்க்கப் போயிருக்கிறார். இவ்விருவருள் யார் முன்னே என்று கேட்டால், நான் காத்திருப்பவரின் பக்கமே நிற்பேன்.

இனி, பயணம் புறப்படுகிறவர்களுக்கு. போய் இறங்கிய அன்றே பிள்ளைகளிடம் நான்கெண்ணோடு வாய்மொழிக் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தமிழ் எழுத்தில் எழுதி உங்கள் பையில் வையுங்கள். எண்பலகையின் அருகே ஒட்டிவிடாதீர்கள். தவறுதலாக ஒலித்துவிட்டால் ஓடாமல், தொலைபேசியை எடுத்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். காவலர் வந்து சேர்வதற்குள் தகவல் திரும்பப் பெறப்பட்டால் பல ஊர்களில் அது கணக்கில் சேராது. காவலர் வந்தேவிட்டால், கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள்; சட்டைப்பைக்குள் கைவிட வேண்டாம். உரிமம் புதுப்பிக்கப்பட்டுள்ளதா, கண்காணிப்பு நிலையத்தில் பதிவான தொலைபேசி எண்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளனவா என்றும் பிள்ளைகளைக் கேளுங்கள். எண்பலகையின் ஓரத்தில் காவல், தீ, மருத்துவம் என்று படம் போட்ட மூன்று பொத்தான்கள் இருக்கலாம். சிலவற்றில் அவை சாவிக்கொத்திலும் இருக்கும். பேரப்பிள்ளைகள் விளையாட எடுப்பது அதைத்தான். அதைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.