ஓடாமல் கெடும் இன்ஜின்

எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்துக்கு மதிலழகு என்று பேர். ஆனால் சின்ன வயதில் என்னைக் கட்டிப்போட்டது மார்க்கபந்தீசுவரர் கோயில் மதில் அல்ல, உள்ளே இருக்கிற நேரம் காட்டும் கல். அரை வட்டமாகச் செதுக்கி எண்கள் போட்டிருப்பார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி மாற்ற வேண்டாம்.

பிற்காலத்தில் பிழைப்புக்காக நான் பார்த்தது வேறொரு கடிகாரம். ஜெனரேட்டர் பேனலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஹவர் மீட்டர் இருக்கும். இன்ஜின் ஓடினால்தான் அது ஓடும். எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் எட்டு வருஷத்து ஜெனரேட்டர். மீட்டரில் வெறும் 41 மணி. "புது வண்டி மாதிரியே வெச்சிருக்கோம் மேஸ்திரி" என்றார் ஷாப் முதலாளி பாய், பெருமையாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் இன்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு வார்த்தையில் நிறுத்துவேனா என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள், தெரியும்.

பாலாற்றங்கரைக் கிணறுகளில் கரன்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் ஆயில் இன்ஜின்தான். எங்கள் அப்பா வைத்திருந்தது, இங்கிலாந்தின் லிஸ்டர் இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்தது. நிமிஷத்துக்கு 650 சுற்றுதான். பெரிய மனுஷன் நடை. அதைக் கிளப்புவது ஒரு வித்தை. வால்வ் லிவரைத் தூக்கிவிட்டால் சிலிண்டருக்குள் காற்று நிற்காது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். குனிந்து சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஃப்ளைவீல் ஒரு ஹுங்காரம் கொடுக்கும். அந்த நொடியில் இன்னொரு கையால் லிவரைத் தட்டிவிட வேண்டும். உடனே உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஒரு டுப். நெஞ்சு நிற்கும். இன்னொரு டுப். அப்புறம் வரிசையாக டுப் டுப் டுப் என்று பிடித்துக்கொள்ளும், குழாயில் பாலாற்றுத் தண்ணீர் வந்து விழும்.

அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இன்ஜினைப் பற்றியது அல்ல, பெருவிரலைப் பற்றியது. "கட்டைவிரலை ஹேண்டிலைச் சுத்தி மடக்காதே. மத்த விரலோட ஒரே பக்கமா வை" என்பார். இன்ஜின் திருப்பி உதைத்தால் மடக்கிய விரல் போய்விடும். எங்கள் தெருவிலேயே அப்படி விரல் வளைந்த ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர்தான் பாடப் புத்தகம்.

காற்று மாட்டிக்கொண்டால் ஏன் நெருப்பு வருகிறது? நேயர்களே, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையில் சுடும், தொட்டிருப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம். காற்றை அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பூவாகத் தூவினால் தானே பற்றும். பெட்ரோல் இன்ஜின் போலப் பொறி தர பிளக் வேண்டாம். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினார். அப்பாவின் கிணற்றடி இன்ஜினும் சரி, ஒரு தொழிற்சாலையையே தாங்குகிற 1000 கே.வி.ஏ. இன்ஜினும் சரி, சங்கதி இதுதான். ஜெனரேட்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். நம் வீட்டு கரன்ட்டில் இருக்கிற அதே 50 ஹெர்ட்ஸ் அந்தச் சுற்றிலிருந்து பிறக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியில் இப்படிப்பட்ட ராட்சச இன்ஜின்களை வரிசையாக நிறுத்தி 100 மெகாவாட்டுக்கு மேல் எடுத்தார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் நேரம் போய்விடும், விடுகிறேன்.

2008-இலிருந்து ஏழு வருஷம் போல நம் தமிழ்நாட்டில் கரன்ட் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா முழுக்க இருண்டது. நம் தென்னக மின்தொகுப்பு அப்போது அவர்களோடு முழுமையாக இணையாததால் அந்த இருட்டு நம்மைத் தொடவில்லை. நமக்குத்தான் சொந்த இருட்டே போதுமான அளவு இருந்ததே! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஷாப்புகளில் ஜெனரேட்டர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடியது. 250 கே.வி.ஏ. முழு லோடில் மணிக்கு 50 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். முதலாளிகள் கண்ணீர் விட்டார்கள். மாதம் தவறாமல் ஆயில் மாற்றினோம். ஒன்று கவனியுங்கள்: அந்த வருஷங்களில் 'ஸ்டார்ட் ஆகல' என்று எனக்கு அதிகம் ஃபோன் வந்ததில்லை. ஈ.பி. கரன்ட் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகுதான் ராத்திரிகளில் என் ஃபோன் அடித்தது. உழைத்த இன்ஜின் ஒன்றும் ஆகவில்லை; ஓய்வெடுத்த இன்ஜின்தான் படுத்துக்கொண்டது.

ஜெனரேட்டர் நின்றால் என்ன, லைட்தானே என்று நினைக்காதீர்கள். டிரம்முக்குள் சாயத் தண்ணீரில் தோல் புரண்டுகொண்டே இருக்க வேண்டும். டிரம் நின்றால் தோலில் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறும், அந்த லாட்டே போச்சு. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஷாப்புகள் வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஷாப் நடத்த வழியில்லை. சுத்திகரிப்புத் தொட்டிகளில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். காற்று ஊதுகிற ப்ளோயர் நின்றால் அவற்றுக்கு மூச்சு நின்றது. காலையில் நாற்றமே சொல்லிவிடும்.

அப்படி ஒரு கழிவுநீர் நிலையத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். "பேட்டரி புதுசு, டீசல் ஃபுல்லு, செல்ஃபே எடுக்கல ண்ணா" என்றான் ஆபரேட்டர் பையன். போய் பட்டனை அழுத்தினேன். டிக் என்றுகூடச் சத்தம் இல்லை. பேனல் வெளியே பளிச்சென்று பெயின்ட் அடித்திருந்தது. உள்ளே டார்ச் அடித்தால், செம்பு எல்லாம் கண்மை பூசியது போலக் கறுப்பு. செல்ஃபுக்குக் கரன்ட் அனுப்புகிற ரிலேயின் நாக்கு இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன, ஆனால் கரன்ட் தாண்டவில்லை. சுண்ணாம்புக் குழியில் மயிர் உதிர்க்கப் போடுகிற சல்ஃபைடிலிருந்து வருகிற வாயு, அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அது செம்பையும் வெள்ளியையும் தின்றுவிடும். தினமும் ஓடுகிற ரிலே தன்னைத்தானே உரசிக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ளும். சும்மா இருந்தது போர்வையாகக் கறுப்பைப் போர்த்திக்கொண்டது. அன்றைக்கு ஒரு துண்டு ஒயரை வைத்துத்தான் இன்ஜினைக் கிளப்பினேன். மறுநாள் ரிலேயை மாற்றி, பேனலையே குழிப் பக்கமிருந்து நகர்த்தினோம். நேயர்களே, அந்த ஒயர் வித்தையை நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். நெடுஞ்சாலை ஓரம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நேரத்தில் கரன்ட் போச்சு, ஜெனரேட்டர் வரவில்லை. நாங்கள் மூன்று பேர், நாற்பது நிமிஷம், ஃபில்டரைக் கழற்றி, ஏர் லாக் எடுத்து, சட்டையெல்லாம் டீசல். கடைசியில் பார்த்தால் ஷெட் வாசலில் இருக்கிற சிவப்பு எமர்ஜென்சி பட்டன் உள்ளே போயிருந்தது. விளையாடிய வாண்டு எதுவோ அழுத்திவிட்டது. திருகி வெளியே இழுத்தேன், உடனே ஓடியது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து முதலில் சிவப்பு பட்டன், அப்புறம் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா, அப்புறம் டீசல் காக். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன்.

தோல் ஷாப்புக்கென்றே ஒரு வியாதி, தோலைத் தேய்க்கும்போது பறக்கிற பஃபிங் தூசி. ஜெனரேட்டர் ஃபேன் காற்றை இன்ஜின் பக்கமிருந்து ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும். அதனால் தூசி அடைவது உள்பக்கம், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே. வெளியிலிருந்து டார்ச் அடிக்கிறவர் 'சுத்தமாத்தான் இருக்கு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். உள்ளே கம்பளி மாதிரி அப்பியிருக்கும். லோடு இல்லாமல் ஐந்து நிமிஷம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது; நிஜமாகக் கரன்ட் போன அன்றைக்கு இருபதாவது நிமிஷத்தில் சூடேறி நின்றுவிடும்.

அந்த ஐந்து நிமிஷ வழக்கத்தைத்தான் நான் சண்டை போட்டு நிறுத்தினேன். வாராவாரம் செக்யூரிட்டி வந்து பட்டனை அழுத்துவார், உறுமும், அணைப்பார், நோட்டில் எழுதுவார். செல்ஃப் எடுத்த கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வந்திருக்காது. ஆயில் சூடாகாததால் சம்ப்பில் ஈரம் தங்கும். எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்ஸர் மூட்டில் கறுப்பாக ஒழுகும். பெயருக்கு ஓட்டுவதை விட மாதம் ஒருமுறை அரை மணி நேரம், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு லோடு கொடுத்து ஓட்டுங்கள். டிரம், ப்ளோயர், எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். 'ஈ.பி. இருக்கும்போது டீசலை எரிக்கறதா?' என்று ஒவ்வொரு முதலாளியும் கேட்பார். என்னைக் கேட்டால், அந்த அரை மணி டீசல்தான் இன்ஜினுக்குக் கட்டுகிற பிரீமியம். டேங்க்கில் வருஷக்கணக்காகத் தேங்கிய டீசலும் இப்படித்தான் செலவாக வேண்டும். அடியில் தண்ணீர் சேர்ந்தால் அதில் பாசி போல ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். டேங்க்கின் அடித் திருகைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் தனியாக நிற்கும்.

எவ்வளவு தயாராக வைத்தாலும் வைத்த இடம் தப்பானால் போச்சு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் பூகம்பம் வந்து மின்சாரம் போனதும் டீசல் இன்ஜின்கள் ஓடத்தான் செய்தன. பின்னால் வந்த சுனாமித் தண்ணீர்தான் அவற்றை மூழ்கடித்தது. உயரமான இடத்தில் இருந்த, காற்றிலேயே குளிர்கிற ஒரே ஒரு இன்ஜின் தப்பியது. அது இரண்டு உலைகளைக் காப்பாற்றியது. கடல் எங்கே, நாம் எங்கே என்கிறீர்களா? 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்ததைப் பார்த்தோமே. வறண்ட மணலை நம்பிப் பள்ளத்தில் ஷெட் போட்டவர்கள் இப்போதாவது மேடை கட்டிக்கொள்ளுங்கள்.

நேரம் முடிகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டே இரண்டு எச்சரிக்கை. மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் சொருகாதீர்கள். கரன்ட் பின்னோக்கிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேனைத் தாக்கும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையாவது யாரேனும் ஷெட்டைத் திறந்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆம்பூர் பாய் திறந்து பார்த்தார். போன மாதம் போயிருந்தேன். பிரியாணி சொல்லிவிட்டு ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சைலன்ஸர் மூட்டு காய்ந்திருந்தது. மீட்டரில் 63 மணி.