நாலு மணிக்கு நம்ம பிள்ளை என்ன சாப்பிடுது?

(மகளிர் அணி கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். படியுங்கள், உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள்.)



இன்னிக்கு பெரிய அரசியல் எதுவும் பேசப் போறதில்லைன்னு நினைச்சுடாதீங்க. பிள்ளைங்க தட்டுல என்ன விழுதுங்கறதை விட பெரிய அரசியல் இந்த நாட்டுல கிடையாது.

ஒரு கேள்வி. அரசுப் பள்ளியில மூணாவது படிக்கிற ஒரு பிள்ளைக்கு காலையில பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைக்குது. மதியம் சாதம், சாம்பார், முட்டை கிடைக்குது. சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடிச்சு வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை கையில என்ன இருக்கு? உங்க எல்லாருக்கும் பதில் தெரியும். பளபளன்னு ஒரு அஞ்சு ரூபாய் பாக்கெட்.

காலைத் தட்டும் மதியத் தட்டும் தானா வரலை. 1920-ல நீதிக்கட்சி நிர்வாகத்தில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு பள்ளியில மதிய உணவு கொடுக்க முடிவு பண்ணுச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. 1956-ல பெருந்தலைவர் காமராசர் மதிய உணவை மாநிலத் திட்டமா ஆக்கினார். 1982 ஜூலை 1 அன்னிக்கு எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல கலைஞர் ஆட்சியில தட்டுல முட்டை வந்தது. 2010-ல அது வாரம் அஞ்சு முட்டை ஆச்சு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அம்மையார் ஜெயலலிதா ஆட்சியில கலவை சாதம் வந்தது. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போச்சு.

ஏன் எல்லாக் கட்சிப் பேரையும் சொல்றேன்? பிள்ளை பசி விஷயத்தில் இந்த மண்ணுல ஒருத்தர் போட்ட அடுப்பை அடுத்தவர் அணைக்கலை. இன்னொரு விறகைத்தான் வச்சார். அதுதான் தமிழ்நாடு.

ஆனா வேலை முடிஞ்சுடலை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்ற கணக்கைக் கேளுங்க. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதுக்கு முந்தைய ஆய்வுல இது 51. குறையலை, கூடியிருக்கு! அந்தப் பிள்ளைங்கதான் இப்ப பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருக்காங்க. 15 முதல் 49 வயது பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அம்மா உடம்புலயே ரத்தம் இல்லாதப்ப பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

ரத்தசோகை வெளியே தெரியாது. வயிறு நிறைஞ்சிருக்கும், பிள்ளை பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வகுப்புல சோர்ந்து போகும், கவனம் நிக்காது, மாடி ஏறினா மூச்சு வாங்கும். நாம என்ன சொல்றோம்? "சோம்பேறி", "மண்டையில எதுவும் ஏறாது"ன்னு. ஏறாதது பாடம் இல்லை தோழர்களே, இரும்புச்சத்து.

இங்கதான் அந்த அஞ்சு ரூபாய் பாக்கெட் வருது. அதுல இருக்கறது மாவு, எண்ணெய், உப்பு, சர்க்கரை. பசியை அடக்கும், ரத்தத்துக்கு ஒண்ணும் தராது. ராத்திரி "சோறு வேணாம்மா"ன்னு பிள்ளை படுத்துடும். 200 மில்லி குளிர்பானத்துல மட்டும் சுமார் நாலஞ்சு டீஸ்பூன் சர்க்கரை இருக்கு. வீட்ல டீயில அவ்வளவு போட்டா நாமளே திட்டுவோம்.

உடனே எல்லாரும் கையை யார் பக்கம் நீட்டுறாங்க? அம்மா பக்கம்! "வளர்க்கத் தெரியலை, கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கறா"ன்னு. நான் அதை ஒத்துக்க மாட்டேன். காலையில 7 மணிக்கு மில்லுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்ட்டு 6 மணிக்கு வர்ற பொண்ணுக்கு, அழுற பிள்ளையை அமைதிப்படுத்த கையில இருக்கறது அஞ்சு ரூபாய். அந்தக் காசுக்கு தெருமுனையில பாக்கெட் கிடைக்குது, முட்டை கிடைக்குமா? ஒரு கொய்யாப்பழம் கிடைக்குமா? குற்றம் அவ கையில இல்லை, விலையில இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட் மேல இருந்த ஜி.எஸ்.டி. 18-ல இருந்து 5 சதவீதம் ஆகியிருக்கு. எது மலிவாகணும்னு டெல்லிதான் முடிவு பண்ணுது.

இன்னொண்ணு. அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சட்டப்படி விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தா போதும். தமிழ் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டு மூலை முடுக்கெல்லாம் விக்கறாங்க, தமிழ்நாட்டு அம்மாவுக்கு உள்ள என்ன இருக்குன்னு சொல்ல மாட்டாங்களாம். சிலி நாட்டுல 2016-ல இருந்து சர்க்கரை, உப்பு அதிகமா இருந்தா பாக்கெட் முகப்புலயே கறுப்பு முத்திரை போட்டாகணும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூட அது புரியும். இங்க ஏன் முடியாது?

அதனால நம்ம கோரிக்கை நாலு.

ஒண்ணு, உணவுப் பாக்கெட்டில் தமிழ் கட்டாயம், முகப்பில் எச்சரிக்கை முத்திரை.

ரெண்டு, மதிய உணவுக்கு ஒன்றிய அரசோட கணக்கை உயர்த்தணும். 2025 மே மாதம் நிர்ணயிச்சபடி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாள் சமையல் செலவு 6 ரூபாய் 78 காசு. பருப்பு, காய், எண்ணெய், எரிபொருள் எல்லாம் அதுக்குள்ள! அதுலயும் 40 சதவீதம் மாநிலத்தோட பங்கு.

மூணு, சமைக்கிற கைக்கு மரியாதை. ஒன்றியத் திட்டத்துல சமையலருக்கு மாதம் 1,000 ரூபாய்னு 2009-ல போட்ட மதிப்பூதியம் இன்னும் அப்படியே இருக்கு. மாநிலம் மேல போட்டுக் கொடுக்குது, சரி. ஆனா 2009-ல பருப்பு என்ன விலை, இன்னிக்கு என்ன விலை?

நாலு, சாயங்காலம் பள்ளி விடுறப்ப ஒரு கை சுண்டல் அல்லது ஒரு கடலை மிட்டாய். காலைக்கும் மதியத்துக்கும் வழி கண்ட மாநிலம் நாலு மணிக்கும் வழி காணணும்.

கோரிக்கை வச்சுட்டு சும்மா உட்கார வேண்டாம். நாளைக்கே நாம செய்யக்கூடிய வேலையும் இருக்கு.

வீட்ல: சாப்பாட்டோட சேர்த்து டீ, காபி கொடுக்காதீங்க, அது இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. கீரை, பயறு சமைக்கிற அன்னிக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக் கொடுங்க, சத்து நல்லா ஏறும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை எல்லாம் நம்ம ஊர்ச் சரக்குதான். பையனுக்கு முட்டை, பொண்ணுக்குக் குழம்புன்னு பரிமாறுற பழக்கத்தை இன்னியோட விடுங்க. மாதவிடாய் வந்த பொண்ணுக்குத்தான் இரும்பு அதிகம் தேவை. அண்ணன்மார்களே, இது உங்களுக்கும்தான். கடைக்குப் போறப்ப சிகரெட்டுக்குப் பதிலா நாலு முட்டை வாங்கிட்டு வாங்க.

பள்ளியில: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. அந்த நாற்காலியில போய் உட்காருங்க. முட்டை தினமும் வருதா, தண்ணி சுத்தமா இருக்கா, இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் கொடுக்கறாங்களான்னு கேளுங்க. அமைப்பாளரோட சண்டைக்குப் போகாதீங்க, அவங்களும் நம்ம வீட்டுப் பொண்ணுதான். சமைக்கிறவங்க சாதியைச் சொல்லி எந்த ஊர்லயாவது பிள்ளையைச் சாப்பிட விடாம தடுத்தா, முதல் பந்தியில போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது நாமதான்.

பள்ளி வாசல்ல: கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகம் உள்ள தின்பண்டத்தை பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் விக்கக் கூடாதுன்னு 2020-லயே விதி வந்தாச்சு. அதுக்காக வாசல்ல கூடை வச்சிருக்கிற பாட்டியை விரட்டாதீங்க. அவங்க விக்கிற வேகவைச்ச கடலையும் நெல்லிக்காயும்தான் நமக்கு வேணும். பாக்கெட் தோரணம் கட்டித் தொங்கவிடுற கடைக்காரர்கிட்ட போய்ப் பேசுங்க. கேட்கலைன்னா உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மனு எழுதுங்க.

ஒவ்வொரு கிளையும் இந்த மாசம் ஒரு பள்ளியை எடுத்துக்கணும். நாலு மணிக்கு வாசல்ல அரை மணி நேரம் நின்னு பாருங்க, பத்து பிள்ளைங்க கையில என்ன இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அந்தக் கணக்கோடதான் நாம ஆட்சியாளர்கள் முன்னாடி போய் நிக்கப் போறோம். ஒரு அணாவுல தொடங்கின சண்டை இது, அஞ்சு ரூபாய் பாக்கெட்டுகிட்ட தோத்துடக் கூடாது.



#நாலுமணித்தட்டு #பிள்ளைகள்நலம்